குழந்தை பிறந்ததுக்கு அப்புறம் மாற்றுத்திறனாளி பென்ஷன் நின்னுபோச்சு, யாராச்சும் வழி சொல்லுங்க

தென்கடல் மதினி:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு கையில பிள்ளை, இன்னொரு கையில போன். எழுத்துத் தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

எனக்குச் சின்ன வயசுலயே வலது கால் போச்சு. 65 சதவீதம்னு சர்டிபிகேட் இருக்கு, யூடிஐடிங்கிற மாற்றுத்திறனாளி அடையாள கார்டும் இருக்கு. 2021ல இருந்து மாற்றுத்திறனாளி பென்ஷன் வாங்குறேன். 1,000 ரூபாயா இருந்துச்சு, 2023 ஜனவரியில 1,500 ஆச்சு. கல்யாணம் ஆனதும் மாமியார் வீட்டு முகவரிக்கு மாத்திக்கிட்டேன், அப்ப ஒரு பிரச்சனையும் வரல.

இங்க ராமநாதபுரம் மாவட்டத்துல தென்கடல் பக்கம். அம்மா வீடு வடகடல்ல, தொண்டிக்குக் கிட்ட. தலைப்பிரசவம்ங்கிறதால ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டு பங்குனியில அங்கிட்டு கூட்டிட்டுப் போனாங்க. மே மாசம் ஆபரேஷன் பண்ணிப் பொம்பளப் பிள்ளை பிறந்துச்சு. உடம்பு தேற நாளாச்சு, ஆவணி கடைசியிலதான் திரும்ப இங்க வந்தேன். ஜூன் வரைக்கும் பென்ஷன் வந்துச்சு. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூணு மாசமும் ஒண்ணும் வரல.

பக்கத்து வீட்டு மதினி, "பிள்ளை பெத்துட்டேல்ல, இனி புருஷன் பாத்துக்கிருவான்னு எழுதியிருப்பாக"ங்குது. யூடியூப்ல ஒரு வீடியோவுல, பிரசவப் பணம் வாங்குனா ஊனமுற்றோர் பணத்துல கழிச்சுக்கிருவாங்கன்னு சொல்றாங்க. ஆனா எனக்குப் பிரசவப் பணமும் ஒத்த ரூபா வரலயே! எதுல கழிச்சாங்க?

மச்சான் (என் வீட்டுக்காரர்) மீன்பிடி போட்டுக்குக் கூலிக்குப் போறாரு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாளும் தொழில் கிடையாது. தடைக்கால நிவாரணம் 8,000 வந்தது ஆஸ்பத்திரிக்குப் போக வரவே சரியாப் போச்சு. அதை வாங்குனதால கட் ஆயிருக்குமா? மாமியாருக்கு மகளிர் உரிமைத்தொகை 1,000 வருது, அதனாலயா? எங்க போய்க் கேக்கணும்னே தெரியல. கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஊன்றுகோலோட பஸ் ஏற முடியாது, அதான் போறதுக்கு முன்னாடி இங்க கேக்குறேன்.

ராம்நாட் ராஜா:

போச்சுக்கா. ஆதரவு இல்லாதவங்களுக்குத்தான் அந்தப் பணம். புருஷன், பிள்ளைன்னு ஆயிட்டா லிஸ்ட்ல இருந்து எடுத்துருவாங்க. விடுங்க, திரும்ப வராது.

ஏர்வாடி அக்கா:

தம்பி, தெரியாட்டி சும்மா இருங்க. பாவம், பிள்ளை பெத்த உடம்போட அழுதுக்கிட்டு எழுதியிருக்கு.

தங்கச்சி, நானும் ஊன்றுகோல்தான். எனக்கு ரெண்டு பிள்ளைங்க, 2019ல ஒண்ணு, 2022ல ஒண்ணு. ரெண்டு தடவையும் பென்ஷன் ஒரு மாசம்கூட நிக்கல. பிள்ளை பிறந்தது பென்ஷனை நிறுத்த ஒரு காரணமே கிடையாது. 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 24வது பிரிவை யாரையாச்சும் படிக்கச் சொல்லிக் கேளுங்க. அரசாங்கம் நமக்கு என்னென்ன ஆதரவு தரணும்னு அதுல வரிசையா வரும். அதுல மாற்றுத்திறனாளிப் பெண்களோட பிழைப்புக்கும் அவங்க பிள்ளைகளை வளர்க்கிறதுக்கும் உதவின்னே தனியா ஒரு வரி இருக்கு. அந்த வரியை வச்சு இன்னைக்கு வரைக்கும் என் கைக்குத் தனியா அஞ்சு காசு வரல, அது வேற கதை. ஆனா பிள்ளை பெத்தவளுக்குக் கூடுதலாக் குடுன்னு சொல்ற சட்டத்தை வச்சுக்கிட்டு, பிள்ளை பெத்தேன்னு நிறுத்த முடியாது.

மாமியார் உரிமைத்தொகை அவுக பேர்ல வர்றது. ஒரு ரேஷன் கார்டுக்கு ஒருத்தருக்குத்தான் அது. உங்க 1,500ஐ அது தொடாது. தடைக்கால நிவாரணமும் அப்படித்தான், எங்க தெருவுல ரெண்டும் வாங்குற வீடு நாலஞ்சு இருக்கு.

இப்ப நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. நீங்க அம்மா வீட்டுல இருந்த அஞ்சு மாசத்துல மாமியார் வீட்டுக்கு யாராச்சும் விசாரணைக்கு வந்தாங்களா?

தேவிபட்டினம் டு லண்டன்:

அந்த வீடியோ எதுன்னு தெரியும்னு நினைக்கிறேன். நான் இருக்கிற பிரிட்டன் கதை அது, நீங்க பயப்பட வேண்டாம். இங்க யுனிவர்சல் கிரெடிட்னு ஒரு உதவித்தொகை இருக்கு. அதை வாங்குறவங்களுக்கு மெட்டர்னிட்டி அலவன்ஸ் வந்தா அதை வருமானமாக் கணக்குல எடுத்து முழுசாக் கழிச்சுக்குவாங்க, அது உண்மை. பிள்ளைக்குன்னு ஒரு தொகை அதுலயே கூடும், அதையும் அந்த ஆள் சொல்லியிருக்கணும். ஆனா இங்கயே ஊனத்துக்குன்னு தர்ற பிஐபிங்கிற பணத்துக்கு வருமானக் கணக்கே கிடையாது, பிள்ளை பிறந்தாலும் அது மாறாது. தமிழ்ல பேசுனா எல்லாம் தமிழ்நாட்டுச் சட்டம்னு ஆயிடுது, என்ன பண்றது!

முன்னாள் இ-சேவை:

மதினி, ரெண்டு சிக்கலையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதீங்க. பென்ஷன் வருவாய்த்துறை தர்றது. பிரசவப் பணம் சுகாதாரத்துறை தர்றது. ஒண்ணு நின்னதுக்கும் இன்னொண்ணு வராததுக்கும் சம்பந்தம் இருக்கணும்னு இல்ல.

பிரசவப் பணம் வரலன்னு எந்தப் பாஸ்புக்கைப் பாத்துச் சொல்றீங்க? ஆதாரை வச்சு அனுப்புற பணம் நீங்க எழுதிக் குடுத்த கணக்குக்குத்தான் வரும்னு இல்ல. கடைசியா எந்தக் கணக்கை ஆதாரோட இணைச்சீங்களோ அங்க போயிரும். ஆதார்ல குடுத்த போன்ல இருந்து *99*99*1# போட்டு ஆதார் நம்பரை அடிங்க, எந்த பேங்க்னு வரும். இல்லாட்டி மை ஆதார் தளத்துல 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பாருங்க. நான் கவுண்டர்ல இருந்த காலத்துல பணம் வரலன்னு வந்தவங்கள்ல நிறையப் பேருக்குப் பணம் வந்துதான் இருந்துச்சு, வேற கணக்குல தூங்கிக்கிட்டு.

தென்கடல் மதினி:

அக்கா, மாமியார்ட்ட கேட்டேன். ஜூன் மாசக் கடைசியில ஒருத்தர் நோட்டோட வந்தாராம். அத்தை விடியக்காலை பாசி எடுக்கப் போயிருச்சு, மச்சான் கடல்ல. வீடு பூட்டிக் கிடந்துச்சு. எதுத்த வீட்டுல கேட்டதுக்கு "அந்தப் பிள்ளை இங்க இல்ல, போயி மூணு மாசமாச்சு"ன்னு சொல்லிருக்காங்க. பிரசவத்துக்குப் போயிருக்குன்னு சொல்லிருக்க வேணாமா? இதை யாரும் என்கிட்ட இத்தனை நாளாச் சொல்லல.

இ-சேவை அண்ணே, நீங்க சொன்ன நம்பர் போட்டேன். நான் குடுத்த பேங்க் பேர் வரல, தபால்காரங்க பேங்க் பேர் வருது. கொரோனா சமயத்துல தபால்காரர் மெஷினோட வீட்டுக்கு வந்து விரல் ரேகை வாங்கிட்டுப் போனது ஞாபகம் வருது. அது அம்மா வீட்டு முகவரியில போட்டது. அதுக்கு ஒரு கார்டு குடுத்தாரு, எங்க இருக்குன்னு தேடணும்.

முன்னாள் இ-சேவை:

அதேதான். கார்டு இல்லாட்டியும் பரவாயில்ல. எந்தத் தபால்காரர்ட்டயும் ஆதாரும் விரலும் போதும், இருப்புப் பாத்துச் சொல்லுவாரு, எடுத்தும் குடுப்பாரு.

ஓய்வுபெற்ற நர்ஸம்மா:

பிரசவப் பணத்தைப் பத்தி நான் சொல்றேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல மொத்தம் 18,000. அதுல 14,000 பணம், மீதி 4,000க்கு ரெண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். முன்னாடி அஞ்சு தவணையா வரும். 2024 ஏப்ரல்ல இருந்து மூணு தவணை: கர்ப்பமா இருக்கும்போது நாலாம் மாசம் 6,000, பிள்ளை பிறந்து நாலாம் மாசம் 6,000, ஒன்பதாம் மாசம் 2,000. முதல் ரெண்டு பிரசவத்துக்கு உண்டு, வயசு 19 முடிஞ்சிருக்கணும். இதுக்கும் பென்ஷனுக்கும் எந்தக் கணக்கு வழக்கும் இல்லம்மா. நான் வேலை பாத்த இடத்துல மாற்றுத்திறனாளித் தாய்மாருக்கு ரெண்டும் சேந்தே வந்துச்சு.

உங்களுக்கு முதல் 6,000 அனேகமா தபால் கணக்குல இருக்கும். ரெண்டாவது 6,000 வர்றதுக்குப் பிள்ளையோட 14வது வாரத் தடுப்பூசி பதிவாகியிருக்கணும். அதை எங்க போட்டீங்க? அம்மா ஊர்லயா? அப்ப அந்த ஊர் நர்ஸ் உங்க பிக்மி நம்பர்லயே (கர்ப்பத்தைப் பதிஞ்சப்ப குடுத்த நம்பர்) ஏத்துனாங்களான்னு பாருங்க. தாய் வீட்டுக்குப் போறது நம்ம வழக்கம், அது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. சில இடத்துல அவசரத்துக்குப் புதுசா ஒரு நம்பர் போட்டுருவாங்க, அப்புறம் பாதிப் பதிவு இங்க, பாதி அங்கன்னு நிக்கும். பிறப்புச் சான்றிதழுக்குக் குடுத்த பிக்மி நம்பரும் கர்ப்ப அட்டையில இருக்கிற நம்பரும் ஒண்ணான்னு முதல்ல பாருங்க. வேற வேறயா இருந்தா இப்ப இருக்கிற ஊர் கிராம சுகாதார செவிலியர்ட்ட ரெண்டையும் காட்டுங்க. அவங்களை விட்டுட்டு மேல போயிப் பிரயோஜனம் இல்ல, பதிவைத் திருத்துறது அவங்க கையிலதான்.

ஏர்வாடி அக்கா:

நான் நினைச்சது சரியாப் போச்சு. வீடு பூட்டி இருந்ததைப் பாத்து, ஆள் முகவரியில இல்லன்னு எழுதியிருப்பாங்க. இதுக்கு ஒரு மனு போதும். தாலுகா ஆபீஸ்ல சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்குன்னு தனி வட்டாட்சியர் இருப்பாரு, அவருக்கு எழுதணும். வெளிய உக்காந்திருக்கிற ஆளுக்கு 500 குடுத்து எழுத வேணாம். நான் எழுதித் தர்றேன், பேரும் தேதியும் மட்டும் நீங்க போடுங்க:

"அய்யா, மேற்படி முகவரியில் என் கணவருடன் வசித்து வருகிறேன். 65 சதவீத மாற்றுத்திறனாளியான நான் 2021 முதல் மாதாந்திர ஓய்வூதியம் பெற்று வந்தேன். தலைப்பிரசவத்துக்காக இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என் தாய் வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தேன். அந்த நாட்களில் நடந்த கள விசாரணையின்போது வீடு பூட்டியிருந்ததாக அறிகிறேன். கடந்த ஜூலை மாதம் முதல் எனக்கு ஓய்வூதியம் வரவில்லை. நான் முகவரி மாறவில்லை என்பதால், மறு விசாரணை செய்து ஓய்வூதியத்தை ஜூலை முதல் நிலுவையுடன் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

'நிலுவையுடன்'ங்கிற வார்த்தை விட்டுப்போகக் கூடாது. கூடவே ஆதார், ரேஷன் கார்டு, யூடிஐடி, பென்ஷன் வர்ற பாஸ்புக் முதல் பக்கம், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, பிள்ளையோட பிறப்புச் சான்றிதழ், எல்லாத்துலயும் ஒரு ஜெராக்ஸ் வைங்க. டிஸ்சார்ஜ் சீட்டுதான் முக்கியம், நீங்க எதுக்குப் போனீங்கன்னு அதுதான் பேசும். மனுவை மச்சான் கொண்டுபோய்க் குடுத்தாப் போதும், ஆனா ரசீது வாங்காம வரக் கூடாது. வி.ஏ.ஓ. விசாரணைக்கு வரும்போது மட்டும் நீங்க பிள்ளையோட வீட்டுல இருங்க.

இன்னொண்ணு. இந்தக் கோபத்துல ரேஷன் கார்டைத் தனியாப் பிரிச்சிராதீங்க. பிரிச்சா நமக்கும் உரிமைத்தொகை கிடைக்கும்னு சிலர் ஆசை காட்டுவாங்க. 1,500 வாங்குற நமக்கு அந்த 1,000 சேந்து வராது. பிள்ளை பேரை மட்டும் இப்ப இருக்கிற கார்டுலயே சேருங்க.

தென்கடல் மதினி:

பன்னெண்டு நாள் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கங்க. பிள்ளைக்குச் சளி.

தபால்காரர் வந்தாரு, விரல் வச்சேன். 6,000 அதுல கிடக்கு! கர்ப்பமா இருக்கும்போதே வந்திருக்கு. அந்தப் பணம் வரலன்னுதான் வளைகாப்பு அப்ப என் காதுத் தோட்டைக் கொண்டுபோய் அடகு வச்சோம். நினைச்சா சிரிப்பும் வருது, அழுகையும் வருது.

நர்ஸம்மா, நீங்க சொன்ன மாதிரியே பிக்மி நம்பர் ரெண்டு இருக்கு. இங்க உள்ள நர்ஸ்ட்ட ரெண்டையும் குடுத்திருக்கேன், சரி பண்ணித் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. ரெண்டாவது 6,000 இன்னும் வரல.

பென்ஷனுக்கு மச்சான் ஒரு நாள் கடலுக்குப் போகாம மனுக் குடுத்துட்டு வந்தாரு. அக்கா எழுதுனதை அப்படியே எழுதுனோம். அஞ்சாம் நாள் வி.ஏ.ஓ. வீட்டுக்கே வந்தாரு. என்னைப் பாத்தாரு, பிள்ளையப் பாத்தாரு, டிஸ்சார்ஜ் சீட்டைப் போன்ல போட்டோ எடுத்துக்கிட்டாரு. "பிரசவத்துக்குப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமேம்மா"ன்னாரு. நல்ல மனுஷன்தான். அடுத்த மாசத்துல இருந்து வரும், விட்டுப்போன மூணு மாசத்துக்கு என்னால சொல்ல முடியாதுன்னுட்டாரு.

ஏர்வாடி அக்கா:

முதல்ல அடுத்த மாசம் பணம் ஏறட்டும். ஏறுன உடனே நிலுவை 4,500க்கு மட்டும் தனியா ஒரு மனு எழுதுங்க. பழைய ரசீது நம்பரைப் போட்டு, ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ்ல திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துல குடுக்கணும். நான் மாசம் ஒரு தடவை அங்க போவேன், சொல்லுங்க, சேந்து போவோம். தோட்டை எப்ப மீட்கப் போறீங்க?

தென்கடல் மதினி:

நாளைக்கேக்கா. அந்த 6,000ல அசலும் வட்டியும் போக 900 மிஞ்சும்.

ராம்நாட் ராஜா:

அக்கா, முன்னாடி சொன்னதுக்கு மன்னிச்சிருங்க. என் தங்கச்சிக்கும் பிரசவப் பணம் வரலன்னு வீட்டுல ஒரே சண்டை. அந்த ஆதார் பேங்க் பாக்குற நம்பர் என்னது?

முன்னாள் இ-சேவை:

மேல இருக்கு தம்பி, ஏறிப் பாருங்க.