குறுந்தொகையில் வரும் ‘மாமை’: அழகா, கருமையா, மாந்தளிர் நிறமா?

கேள்வி:
வெள்ளிவீதியாரின் குறுந்தொகை 27ஆம் பாடலை மாணவர்களுக்கு நடத்திக்கொண்டிருக்கிறேன். கன்றும் உண்ணாமல் கலத்திலும் விழாமல் மண்ணில் சிந்திய பாலைப் போல, தனக்கும் ஆகாமல் தலைவனுக்கும் உதவாமல் தன் ‘மாமைக் கவின்’ (கவின் என்றால் அழகு) பசலைக்கு, அதாவது பிரிவுத் துயரால் மேனி வெளிறும் நிலைக்கு, இரையாகிறதே என்று தலைவி வருந்துகிறாள். மாமை என்பதற்கு அழகு, கருமை, மாந்தளிர் நிறம் என உரைக்கு ஓர் பொருள் கிடைக்கிறது. எதை ஏற்பது?

மறுமொழி 1:
ஐயா, ‘அழகு’ என்று மட்டும் பொருள் கொண்டால் ‘மாமைக் கவின்’ என்பது ‘அழகின் அழகு’ என்றாகிவிடும். ஆகவே இவ்விடத்தில் மாமை நிறத்தையே குறிக்கிறது. கருமையைச் சுட்டும் ‘மா’ என்ற அடியோடு, செம்மை, வெண்மை என்பவற்றில் வரும் ‘மை’ விகுதி சேர்ந்தது இச்சொல். திருமாலை மாயோன் என்பதும், குறுந்தொகை 132ஆம் பாடலில் தலைவன் தன் காதலியை ‘மாஅயோள்’ என்று ஏக்கத்தோடு நினைப்பதும் அதே அடியிலிருந்து வந்தவைதாம். கறுப்பு அழகன்று என்ற எண்ணத்தோடு படிக்கிறவர்களே இதை ‘அழகு’ என்று பொதுவாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

மறுமொழி 2:
வேர் கருமை என்பதை ஏற்கிறேன். ஆனால் அதை அட்டைக் கறுப்பாக எண்ணிவிடக் கூடாது. ஐங்குறுநூறு 35ஆம் பாடலில், பொய்கையில் பூத்த ஆம்பலின் நார் உரித்த மென்தண்டைக் காட்டிலும் ஒளிர்ந்த தன் மாமை இப்போது பசந்துவிட்டது என்கிறாள் தலைவி. ஆம்பல் தண்டின் மேல்தோலை நகத்தால் கிள்ளி உரித்துப் பார்த்தவர்களுக்கு, உள்ளே தெரியும் ஈர மினுமினுப்பும் குழைவும் நினைவிருக்கும். நற்றிணை 6இல் பரணரும் மாமைக்கு இதே உவமையைத்தான் ஆள்கிறார். ஆக, இளமையும் ஒளியும் கலந்த மேனி நிறம் அது. அந்த ஒளி வடிந்து மேனி வெளிறுவதுதான் பசலை. மாமைக்கு எதிர்ச்சொல்லாகச் சங்கப் பாடல்கள் வைப்பது வெண்மையை அன்று, பசலையையே.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் மாந்தளிர் எங்கிருந்து வந்தது? இன்றைய ‘மாநிறம்’ என்ற வழக்குக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

மறுமொழி 1:
திருமுருகாற்றுப்படை வானுலக மகளிரை ‘மாவின் அவிர்தளிர் புரையும் மேனியர்’ என்கிறது. மாங்கொழுந்து பச்சையாகும் முன் செம்பழுப்பாகத் துவண்டு பளபளக்கும் அல்லவா, அந்தச் சாயலைக் காட்டவே உரைகாரர்கள் அதை எடுத்தாள்கிறார்கள். அது நிறத்துக்கு விளக்கமே தவிர, சொல்லுக்கு வேர் அன்று. ‘மாநிறம்’ இந்த மரபின் எச்சம் என்றே கருதுகிறேன். ஆனால் இன்றைய மணமகள் தேவை விளம்பரங்களில் அது சிவப்புக்கு ஒரு படி கீழாக, சற்றுத் தயக்கத்தோடு எழுதப்படுகிறது; வெள்ளிவீதியாரின் தலைவியோ அதை இழக்கிறோமே என்றுதான் கலங்கினாள்.