வட்டத் தலைக்கு டவுன் சைக்கிள் ஹெல்மெட் – கோவையில எங்க கிடைக்குங்க?

பீளமேட்டிலிருந்து ரேஸ்கோர்ஸ், தினமும் அவிநாசி ரோடு வழியா. ரேஸ் சைக்கிள்காரங்க போடற கூர்வால் ஹெல்மெட் வேண்டாம்ங்க. சட்டை பேண்ட்டோட பார்க்க நல்லா இருக்கற மாதிரி உருண்டையா, மங்கல் நிறத்துல ஒண்ணு வேணும். மூணு மாசமா தேடல்.

புருவத்துக்கு ஒரு விரல் மேல டேப் வச்சா தலைச் சுத்தளவு 61 செ.மீ. அளவு மட்டும் பிரச்சனை இல்லைங்க, வடிவம்தான். தலை வட்டம், கிடைக்கறதெல்லாம் நீளவாக்கு. 58–62 போட்டாலும் நெத்திப்பொட்டு ரெண்டும் அமுங்குது, முன்னாடி ஒரு விரல் இடைவெளி. பின்னாடி இருக்கற டயலைத் திருகினா பிடரிதான் இறுகுது. பக்கவாட்டுப் பஞ்சைக் கழட்டினேன், தெர்மக்கோல் நேரா எலும்புல உரசுது. அதைத் தேய்ச்சுக் குடைஞ்சுக்கலாம்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க, அடியைத் தாங்கறதே அதுதான்.

ஆன்லைன்ல ஸ்கேட்டிங் மாடல் ஒண்ணு வாங்கினேன். அழகு சரி, மேல நாலே ஓட்டை, லட்சுமி மில் சிக்னல்ல நின்னா புருவத்துல வேர்வை சொட்டுது. உள்ளே ஈ.என். 1078 (சைக்கிள் ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியப் பாதுகாப்புத் தரம்) ஸ்டிக்கரும் இல்லை, திருப்பி அனுப்பியாச்சு. பைக் ஹெல்மெட் கனம், காதையும் மூடுது, பின்னாடி வர்ற பஸ் சத்தம் கேட்கறதில்லை.

பட்ஜெட் 4,000. ஈ.என். 1078 இல்லைன்னா அமெரிக்கப் பாதுகாப்புத் தரமான சி.பி.எஸ்.சி. முத்திரை கட்டாயம்.

வட்டத் தலைக்கு உட்கார்ற டவுன் மாடலை, கோவை, திருப்பூர், ஈரோட்டுல போட்டுப் பார்த்து வாங்கற மாதிரி எந்தக் கடையில வச்சிருக்காங்க?