தொலைந்த பெட்டிக்குக் கிலோவுக்கு 20 டாலர்தானா?

மதுரைப்பயணி:
சென்னை–டொராண்டோ–சென்னை ரிட்டர்ன், ஒரே டிக்கெட். வளைகுடாவில் மாறியதும் வேறு நிறுவனத்தின் விமானம். 23 கிலோ பெட்டி டொராண்டோ வந்து சேரவில்லை; 12 நாள் ஆகிறது. முதல் நிறுவனம் "நாங்கள் ஒப்படைத்துவிட்டோம்" என்கிறது, அடுத்தது "எங்களிடம் வரவே இல்லை" என்கிறது. கடைசியாகக் கிலோவுக்கு 20 டாலர் என்று மெயில். சட்டப்படி யாரைப் பிடிப்பது, எவ்வளவு கேட்கலாம்?

வான்வழக்கு:
அந்த மெயிலை ஏற்றுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். 20 டாலர் கணக்கு பழைய வார்சா உடன்படிக்கையினுடையது (கிலோவுக்கு 250 தங்க ஃபிராங்க்). உங்கள் பயணத்துக்குப் பொருந்துவது 1999 மான்ட்ரியல் உடன்படிக்கை. இந்தியா, கனடா இரண்டுமே அதில் இருக்கின்றன. அதில் பயணியின் பெட்டிக்கு எடைக் கணக்கே கிடையாது, தலைக்கு இவ்வளவு என்றுதான். 2024 டிசம்பர் 28 முதல் உச்சவரம்பு 1,519 எஸ்டிஆர். டாலர், யூரோ, யுவான், யென், பவுண்ட் ஐந்தையும் வைத்து ஐஎம்எஃப் கணக்கிடும் அலகு அது. 1,519 என்பது 2,000 அமெரிக்க டாலருக்குச் சற்று மேலே வரும். கிலோக் கணக்கு சரக்குக்கு மட்டும்தான்.

யாரைப் பிடிப்பது? 36ஆம் பிரிவின்படி முதலில் ஏற்றியவர், கடைசியில் ஏற்றியவர், பெட்டி எந்தக் கட்டத்தில் தொலைந்ததோ அதை ஓட்டியவர் மூவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. பெட்டி எங்கே போனது என்று துப்பறிவது உங்கள் வேலை இல்லை. இருவருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். தனித்தனி டிக்கெட்டாக இருந்தால் பொதுவாக இந்த வசதி கிடைக்காது.

டேக்_பிஐஆர்:
விமான நிலையத்தில் பிஐஆர் (பெட்டி வரவில்லை என்று நிறுவனத்திடம் பதியும் புகார்) போட்டீர்களா? அதன் எண்ணில் விமான நிலையக் குறி மூன்றெழுத்து, நிறுவனக் குறி இரண்டெழுத்து, பிறகு ஐந்து இலக்கம் இருக்கும். போர்டிங் பாஸில் ஒட்டிய 10 இலக்க டேக் ஸ்டிக்கரையும் பத்திரப்படுத்துங்கள். பெட்டியை ஒப்படைத்ததற்கு அதுதான் சாட்சி. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: பிஐஆர் பெட்டியைத் தேடுவதற்கான பதிவு. பணம் கேட்டுத் தனியாக எழுத வேண்டும்.

இப்போது 12ஆம் நாள் என்பதால் சட்டப்படி இது தாமதம்தான். வந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து 21 நாள் தாண்டினாலோ, நிறுவனமே தொலைந்தது என்று ஒப்புக்கொண்டாலோதான் முழு இழப்பாகக் கேட்கலாம். அதுவரை வாங்கும் குளிர்கோட்டு, உள்ளாடை, மருந்து எல்லாவற்றுக்கும் ரசீது வையுங்கள்.

நடுவில் பெட்டி வந்துவிட்டால் கெடு மாறும். உடைந்தோ பொருள் குறைந்தோ வந்தால் கைக்கு வந்த 7 நாளுக்குள், தாமதத்துக்கு என்றால் 21 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். தவறினால் வழக்கே நிற்காது.

மதுரைப்பயணி:
மிக்க நன்றி. பெட்டியில் இரண்டு பட்டுப்புடவை, ஒரு லேப்டாப். புடவைக்கு பில் இல்லை. கனடாவில்தான் வழக்குப் போட வேண்டுமா?

வான்வழக்கு:
1,519 என்பது கூரை. அதற்குள் நிரூபித்த அளவுதான் கிடைக்கும். பில் இல்லையென்றால் கார்டு ஸ்டேட்மென்ட், கடையின் எஸ்எம்எஸ், புடவை உடுத்திய போட்டோ எதுவானாலும் இணையுங்கள். பழைய பொருளுக்குத் தேய்மானம் கழிப்பார்கள். லேப்டாப்பில் சண்டை வரும், செக்-இன் பெட்டியில் வைத்தது உங்கள் கவனக்குறைவு என்பார்கள். விலை உயர்ந்த பொருள் இருந்தால் ஏற்றும்போதே கவுண்டரில் மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டியிருக்கலாம். அப்போது வரம்பு அறிவித்த தொகைக்கு ஏறும்.

கனடா போக வேண்டாம். ரிட்டர்ன் டிக்கெட்டில் "சேருமிடம்" புறப்பட்ட ஊரேதான், அதாவது சென்னை. நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். நுகர்வோர் மன்றமும் வார்சா உடன்படிக்கை சொல்லும் "நீதிமன்றம்"தான் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்திருக்கிறது.

டேக்_பிஐஆர்:
வழக்குப் போடக் கெடு டொராண்டோவில் இறங்கிய தேதியிலிருந்து இரண்டு வருடம் என்று காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். "பரிசீலனையில் இருக்கிறது" என்று எத்தனை மெயில் வந்தாலும் அந்தக் கெடு நிற்காமல் ஓடும்.