ரைஸ் மில்லில் ஷிப்ட் ஆட்கள் ஒட்டாமல் வேலை பார்க்கிறார்கள், எங்கிருந்து சரி செய்வது?

வெண்ணாற்றங்கரை:
நீடாமங்கலம் பக்கம் ஒரு புழுங்கல் அரிசி ஆலை. 22 பேர், ரெண்டு ஷிப்ட். பாதிப் பேர் சுத்துப்பட்டு ஊர், மீதி பீகார். நான் சூப்பர்வைசர் ஆகி 4 மாசம். அதுக்கு முன்னாடி இதே ஆளுங்களோட பாலிஷர்ல நின்னவன். வாராவாரம் மீட்டிங் போடுறேன், தலையாட்டிட்டுப் போயிடுறாங்க. குருணை ஏறினா பகல் ஷிப்ட் ராத்திரியைக் கை காட்டுது, ராத்திரி பகலைக் காட்டுது. முதலாளி ‘மாதத்தின் சிறந்த தொழிலாளி’ன்னு 2,000 ரூபா வச்சார். வாங்கினவரைக் கிண்டல் பண்றதோட அது முடிஞ்சுது. சீசன்ல லீவுத் தகராறு வேற. எதை முதல்ல தொடுறது?

உமிமூட்டை:
மீட்டிங்கை விடுங்க, ஷிப்ட் மாறுற இடத்தைப் பிடிங்க. ரெண்டு ஷிப்டும் 10 நிமிஷம் ஒண்ணா நிக்கணும். ஆபீஸ்ல வேண்டாம், டிரையர் பக்கத்துல. அந்த 10 நிமிஷத்துக்கும் சம்பளம் உண்டுன்னு முதலாளிகிட்ட முன்னாடியே பேசிடுங்க, இல்லன்னா மூணாம் நாள் ஒருத்தரும் நிக்க மாட்டாங்க.

போர்டுல நாலு கட்டம்: எந்த லாட் நெல் ஓடுது, டிரையர்லேர்ந்து இறக்கின ஈரம், உமி நீக்குற ரப்பர் ரோல்ல கை வச்ச நேரம், மிஷின் நின்ன நேரம். எண் மட்டும். தமிழ் தெரியாதவரும் எழுதிடுவார்.

காரணம் இருக்கு. அவிச்ச நெல்லை 16–18 சதவீத ஈரத்துல நிறுத்தி, சில மணி நேரம் ஆறவிட்டு, அப்புறம்தான் 14-க்குக் கொண்டுவரணும். மூட்டை ஏத்துற அவசரத்துல சூட்டைக் கூட்டி ஒரே மூச்சுல காயவச்சா மணிக்குள்ள வெடிப்பு விழும். அப்போ கண்ணுக்குத் தெரியாது, அரைக்கும்போதுதான் குருணையாக் கொட்டும். தப்பு நடந்தது ராத்திரி டிரையர்ல, திட்டு வாங்குறது பகல் பாலிஷர்ல நிக்கிறவர். நாலு தடவை இப்படி ஆனா அவருக்கு எதுக்கு அக்கறை வரும்?

ரப்பர் ரோல்லயும் இதே கதைதான். ரெண்டு ரோலும் வேற வேற வேகத்துல சுத்தும், வேகமாச் சுத்துறது சீக்கிரம் தேயும். ரெண்டையும் இடம் மாத்திப் போடணும். அதுக்கு மிஷினை நிறுத்தணுமேன்னு இடைவெளியை மட்டும் இறுக்கிக்கிட்டே போவாங்க. அந்த ஷிப்ட் மூட்டைக் கணக்கு சரியா வந்துடும், ஆனா அரிசி உடையும், ரோலும் போகும். மூட்டைக் கணக்கு மட்டும் கேக்குற ஆலைல யாரா இருந்தாலும் இதைத்தான் செய்வாங்க. அதனால மூட்டை எண்ணிக்கையும் குருணைக் கிலோவையும் ஒரே வரில, லாட் வாரியா எழுதுங்க. ஷிப்ட் வாரியாப் பிரிச்சா சண்டைதான் மிஞ்சும்.

குடந்தை மனிதவளம்:
உமிமூட்டை சொன்னதோட சேர்த்து, அந்தப் பரிசை நிறுத்திவிடுங்கள். ஒரு மூட்டை அரிசிக்குப் பின்னால் ஊறல் தொட்டியிலிருந்து சார்ட்டெக்ஸ் (நிறம் பார்த்து அரிசியைப் பிரிக்கும் மிஷின்) வரை ஏழெட்டுக் கை இருக்கிறது. அதில் ஒருவரைத் தூக்கினால் மற்றவர்களைத் தள்ளியதாகத்தான் ஆகும். அதே 2,000 ரூபாயில் ராத்திரி ஷிப்டுக்கு டீயும் நல்ல விளக்கும் போடலாம்.

கேலப் நிறுவனத்தின் ஊழியர் ஈடுபாட்டுக் கருத்துக்கணிப்பில் 12 கேள்விகள் உண்டு. உங்கள் ஆலைக்கு முதல் இரண்டே போதும்: என்னிடம் எதிர்பார்க்கப்படும் வேலை என்னவென்று எனக்குத் தெரியுமா, அதைச் சரியாகச் செய்யத் தேவையான சாமான் என் கையில் இருக்கிறதா. ஒரு நாளைக்கு இரண்டு பேர், ஆளுக்கு 15 நிமிடம், மிஷின் பக்கத்திலேயே கேளுங்கள். 11 நாளில் முடிந்துவிடும். முதலாளி அறையில் உட்காரவைத்துக் கேட்டால் ‘ஒண்ணும் குறையில்ல சார்’தான் வரும். கேட்டதில் சின்னதாக ஒன்றையாவது (கையுறை, ஃபேன், உடைந்த ஏணி) ஒரு வாரத்துக்குள் செய்துகாட்டுங்கள். முடியாததை முடியாது என்று அவரிடமே சொல்லுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பதற்குக் கேட்காமலே இருக்கலாம்.

ஆறாம் நம்பர் வாய்க்கால்:
இதெல்லாம் சரி, ஓவர்டைம் ஒழுங்கா வருதா? சட்டப்படி ரெட்டைச் சம்பளம். ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்கன்னா கார்டு கையில இருக்கா? அட்வான்ஸ் நோட்டைத் தொழிலாளி பாக்க முடியுதா? இதுல ஓட்டை இருந்தா போர்டு, பேச்சு எதுவும் ஏறாது.

லீவுக்கு: பொதுவா ஒரு காலண்டரை ஆடி மாசமே சுவத்துல ஒட்டுங்க. குறுவை நெல் வந்து குவியற புரட்டாசி, ஐப்பசிலதான் தீபாவளியும் வரும், அது முடிஞ்ச ஆறேழு நாள்ல பீகார்க்காரங்களுக்கு சட் பூஜை. ரயில் முன்பதிவு 60 நாள் முன்னாடிதான் திறக்கும், அதனால யார் போறாங்கன்னு ஆவணிலயே முடிவாகணும். நம்ம ஊர் ஆளுங்களுக்குத் தைல பொங்கல், சொந்த வயல்ல சம்பா அறுப்பு. ரெண்டு கூட்டத்துக்கும் நெருக்கடி வேற வேற மாசம்கிறது உங்க அதிர்ஷ்டம். ஒருத்தருக்கொருத்தர் ஷிப்ட் மாத்திக்கிறதை அவங்களையே எழுதவிடுங்க, நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க.

வெண்ணாற்றங்கரை:
நன்றி. ஒரு சிக்கல். டிரையர்ல நிக்கிற அண்ணன் எனக்கு வேலை கத்துக்கொடுத்தவர். ஈரத்தை எழுதுங்கண்ணேன்னா, ‘நெல்லைக் கடிச்சாத் தெரியும்டா, மீட்டர் என்னத்துக்கு’ங்குறார். எல்லார் முன்னாடியும்.

உமிமூட்டை:
அங்கேயே பதில் சொல்லாதீங்க, தனியாப் போங்க. ‘உங்களுக்கு அக்கறையில்ல’ன்னு ஆரம்பிச்சா முடிஞ்சுது. ‘அண்ணே, நேத்து ரெண்டு மணிக்கு இறக்கின லாட்ல குருணை கூடுதலா விழுந்துச்சு, ஈரம் எவ்வளவுன்னு எழுதாததால எங்க தப்புன்னு தெரியல’ன்னு நேரம், பொருள், விளைவு மூணையும் சொல்லி நிறுத்துங்க. அப்புறம் அவர் கடிச்சுச் சொல்ற எண்ணை முதல்ல எழுதுங்க, பக்கத்துல மீட்டர் எண்ணை அவர் கையாலேயே எழுதட்டும். பத்து நாள் போகட்டும்.

ஒண்ணு மட்டும் கவனம். டிரையர்லேர்ந்து வந்த சூட்டோட நெல்லை மீட்டர்ல போட்டாத் தப்பாக் காட்டும். மூணு இடத்துல கை விட்டு எடுத்து, தட்டுல பரப்பி ஆறவிட்டுப் பாருங்க. மீட்டர்ல புழுங்கலுக்கும் பச்சைக்கும் தனி செட்டிங் இருந்தா அதையும் பாத்துக்குங்க. முதல் நாளே மீட்டர் தப்புச் சொல்லிட்டா அப்புறம் அந்த அண்ணன் அதைத் தொடவே மாட்டார்.