மாசி வீதிக் கடையை விட்டு வெளியே போகலாமா?

கேள்வி (மாசிவீதிக்காரன்):
மதுரை மேலமாசி வீதியை ஒட்டிய சந்தில் எங்களுக்குப் பாத்திரக் கடை, அப்பா ஆரம்பித்தது. திருமங்கலம், செக்கானூரணிப் பக்கத்திலிருந்து சீர்வரிசைப் பாத்திரம் எடுக்கப் பெரியார் பேருந்து நிலையத்தில் இறங்கி நடந்தே வருவார்கள். இப்போது எல்லாரும் காரில் வருகிறார்கள், நிறுத்த இடமில்லை என்று பைபாஸ் ரோட்டுக் கடைகளுக்கே போய்விடுகிறார்கள். கடையை ரிங் ரோட்டுக்கு மாற்றலாமா என்று யோசிக்கிறேன். அப்பா சம்மதிக்கவில்லை. மற்ற ஊர்களில் இதற்கு என்னதான் செய்தார்கள்?

பதில் (வைகைக்கரை):
தம்பி, நான் நகரமைப்பு படித்தவன். அமெரிக்காவில் கலமசூ என்ற ஊரில் 1959-லேயே கடைத்தெருவில் வண்டிகள் வரவே கூடாது என்று நடைபாதையாக்கினார்கள், அதைப் பார்த்துப் பல ஊர்கள் செய்தன, ஆனால் முக்கால்வாசி ஊர்களில் கூட்டம் திரும்பவில்லை, கலமசூவிலேயே 1998-ல் தெருவின் ஒரு பகுதியை மறுபடி வண்டிக்குத் திறந்தார்கள். 1962-ல் கோபன்ஹேகனில் இதையே செய்தபோது நிலைத்தது. அங்கே தெருவைச் சுற்றி ஜனங்கள் குடியிருந்தார்கள், அமெரிக்க ஊர்களில் அவர்கள் முன்பே புறநகருக்குப் போய்விட்டார்கள். நம் மீனாட்சி கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளிலும் வண்டி கிடையாது, நல்லதுதான். ஆனால் தெருவில் கல் பதித்து நடைபாதையாக்கினால் மட்டும் ஊர் பிழைக்காது. பிரிட்டனில் 1996 முதல், ஊருக்கு வெளியே பெரிய கடை கட்ட வருகிறவர் நடுவூரில் இடமில்லை என்று முதலில் காட்ட வேண்டும். ரிங் ரோட்டில் கட்டுகிறவரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.

பதில் (காம்பவுண்டுவீடு):
மேலே அண்ணன் சொன்னது எங்கள் வீட்டுக் கதை. தெற்காவணி மூல வீதிப் பக்கம் ஒரே காம்பவுண்டில் ஏழு குடும்பம் இருந்தோம், ஒரே குழாய், ஒரே முற்றம், சாயங்காலமானால் வாசலில் தயிர்க்காரம்மா, பூக்காரம்மா, பணியாரக் கடை. ஒவ்வொரு குடும்பமாக ஐயர் பங்களா, திருநகர் என்று புறநகருக்குப் போனது, இன்று அது முழுக்கத் துணிக் குடோன். குடும்பம் கொடுக்கும் வாடகையை விடக் குடோன் வாடகை அதிகம், உரிமையாளரைக் குறை சொல்ல முடியவில்லை. கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது என்ற விதியை எடுக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடே இல்லை. கோபுரம் தெரியாத மதுரை எதற்கு? இருக்கிற மாடிகளில் மறுபடி குடும்பங்கள் வந்தாலே போதும்.

பதில் (கீழமாசி):
அப்பா சொல்வதைக் கேளுங்கள். வடக்காவணி மூல வீதிக் காய்கறி மார்க்கெட் மாட்டுத்தாவணிக்குப் போனபோது நெரிசல் குறையும் என்றார்கள், சரி, குறையட்டும். ஆனால் காய் வாங்க வந்தவர்தான் அப்படியே என் கடையில் புளியும் மிளகாயும் வாங்கியவர், அந்தக் கூட்டமும் கூடவே போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வாகன நிறுத்தம் நிற்கிறது. உங்கள் ஆட்களை அங்கே காரை விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், பெரிய அண்டா வாங்கினால் கடைப் பையனே கொண்டுபோய் ஏற்றிவிடட்டும்.

மாசிவீதிக்காரன்:
எல்லாவற்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். எங்கள் கடை மாடியிலும் பழைய சரக்குதான் அடைந்து கிடக்கிறது, அதை ரிங் ரோட்டுப் பக்கம் ஒரு ஷெட்டுக்கு மாற்றிவிட்டு மாடியைக் குடும்பத்துக்கு விடலாம் என்கிறார். படி கடைக்குள்ளிருந்துதான் ஏறுகிறது, சந்தோ ஆறடிதான். வெளிப்படி வைக்க அனுமதி வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?