பத்திரிகைக்காரனை அடிச்ச கணக்கு எழுதி வச்சு என்ன ஆகப்போகுது?

ஒத்தையடிப்பாதை:
மிசான்னு ஒரு அமைப்பு (நம்ம எமர்ஜென்சி மிசா இல்லப்பா, நமீபியால விண்ட்ஹூக்ல 1992ல ஆரம்பிச்சது). ஆப்பிரிக்காவோட தெக்குப் பக்க நாடுகள்ல எந்த ரிப்போர்ட்டரை யார் அடிச்சாங்க, யாரை உள்ள தள்ளினாங்கன்னு வருஷக்கணக்கா பதிவு பண்றாங்க. எனக்கு இதுல நம்பிக்கை இல்ல. ஒரு நாட்ல நூறு கேஸு, பக்கத்து நாட்ல ரெண்டுன்னா ரெண்டாவது நாடு சொர்க்கமா? எஸ்வாட்டினில (முன்னாடி ஸ்வாசிலாந்து) பெக்கி மக்குபுன்னு ஒரு பத்திரிகையாசிரியர் 2014ல தன் மேகசின்ல தலைமை நீதிபதியை விமர்சிச்சதுக்கு ரெண்டு வருஷம் ஜெயில் தண்டனை குடுத்தாங்க. அதைப் பாத்துட்டு மத்தவன் பேனாவ மூடிட்டான்னா அது எந்த லிஸ்ட்ல ஏறும் சொல்லுங்க.

வடக்குத்தெரு வாசகி:
எண்ணிக்கைய வச்சு ரேங்க் போட்டா தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா எழுதி வைக்கிறது அதுக்கு மட்டுமா? ஜிம்பாப்வேல ஹோப்வெல் சின்ஓனோங்கற பத்திரிகையாளரை 2021 ஜனவரில பொய்ச்செய்தி பரப்பினார்னு பிடிச்சாங்க, பிடிச்ச சட்டப்பிரிவு என்னடான்னா 2014லயே கோர்ட்டு செல்லாதுன்னு தூக்கினது! ஏப்ரல்ல ஹைகோர்ட் அந்தக் குற்றச்சாட்டையே தள்ளுபடி பண்ணுச்சு. பழசு ஞாபகம் இருக்கிறவங்க வேணும்ங்க.

ஒத்தையடிப்பாதை:
மேடம் அது கோர்ட்டு தீர்ப்பு, வக்கீல் ஆபீஸ்லயே கெடக்கும், அதுக்கு எதுக்கு கண்காணிப்பு அமைப்பு? இவங்க கண்ணுக்கு தலைநகர்ல இருக்கிற பெரிய பேருங்கதான் தெரியும்.

வடக்குத்தெரு வாசகி:
அப்படியா? மொசாம்பிக்ல பால்மான்னு ஒரு ஊரு, காபோ டெல்காடோ மாகாணத்துல, சண்டை நடக்கிற இடம். அங்க கம்யூனிட்டி ரேடியோல வேலை பாத்த இப்ராய்மோ எம்பருக்கோ 2020 ஏப்ரல் 7ஆம் தேதி, ராணுவக்காரங்க சூழ்ந்துட்டாங்கன்னு கூட வேலை பாக்கிறவருக்கு ஒரு எஸ்எம்எஸ் போட்டார். அதுக்கப்புறம் ஆள் எங்கன்னே தெரியல. கோர்ட்டும் இல்ல தீர்ப்பும் இல்ல, அந்த மெசேஜும் தேதியும்தான் இருக்கு, அதையும் யாரும் எழுதி வைக்கலன்னா ஆளே இருந்ததில்லன்னு சொல்லிட்டுப் போயிருவான். பெரிய பேரு இல்லையே அவரு?

கணக்குப்பிள்ளை:
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். என் சந்தேகம் வேற. ஜாம்பியால தி போஸ்ட் பேப்பர், 2016 ஜூன்ல, ஆகஸ்ட் தேர்தலுக்கு முன்னாடி வரி பாக்கின்னு ஆபீஸை பூட்டினாங்க, அதே வருஷம் கம்பெனியே கலைப்புக்குப் போயிருச்சு. இதை எந்த கட்டத்துல போடுவீங்க? அடிதடி இல்ல, அரெஸ்ட் இல்ல, கையில வரி நோட்டீஸ் இருக்கு.

ஒத்தையடிப்பாதை:
அதான் சொல்றேன்! வரி பாக்கின்னா பேப்பரும் கட்டித்தானே ஆகணும்.

வடக்குத்தெரு வாசகி:
கட்டணும்தான். ஆனா தேர்தலுக்கு ரெண்டு மாசம் முன்னாடியா ஞாபகம் வரும்? நோட்டீஸ் தேதி, தேர்தல் தேதி, அதே அளவு பாக்கி வச்ச வேற கம்பெனிய என்ன பண்ணாங்க, மூணையும் பக்கத்துல பக்கத்துல எழுதணும். இதுக்குத்தான் ஆராய்ச்சி வேணும்ங்கறேன்.

கணக்குப்பிள்ளை:
மூணாவது கட்டம்தான் எப்பவும் காலியா கெடக்குது, வரி ஆபீஸ் அதை யாருக்கும் தராது.