நாற்று முடி விழுந்த சத்தம்

மன்னார்குடிக்காரர்:
சம்பா நடவு. சின்ன அத்தை வரப்பில் நின்று நாற்று முடியை வீசுவார், நடுகிற பெண்களின் கைக்கு எட்டுகிற இடத்தில் போய் விழும். அன்றைக்கும் சரியாகத்தான் விழுந்தது. ஆனால் வீச்சில் தெம்பே இல்லை, பாதியிலேயே கை விட்டுவிட்ட மாதிரி, சேறுகூடத் தெறிக்கவில்லை. முகமும் பேச்சும் எப்போதும் போலத்தான். நட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டி குனிந்தபடியே, "என்னம்மா, ஊட்டுல எதுவும் மனக்கஷ்டமா?" என்றார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையே, முடி விழுந்த சத்தத்தை வைத்தே கேட்டுவிட்டார், அதுதான் என் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அத்தை பதில் சொல்லாமல் அடுத்த முடியை எடுத்தார். மகள் புகுந்த வீட்டைவிட்டு வந்துவிட்ட விஷயம் சாயங்காலம்தான் எங்களுக்கே தெரிந்தது.

கும்பகோணத்துக்காரர்:
சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்தார் என்பதை ஏற்கமுடியவில்லை. பாட்டி காதுக்கு ஊர்ப்பேச்சு முன்பே எட்டியிருக்கும். ஒரு கல்யாணத்தில் எங்கள் மாமா தவிலுக்கு உட்கார்ந்து, விரல்களில் கூடு மாட்டினார். ஒவ்வொன்றையும் அழுத்தி, திருகி. நாதஸ்வரக்காரரோடு பிணக்கு என்று அப்போதே புரிந்துவிட்டது. ஆனால் நான் முகத்தையும் பார்த்தேன். முகம் இல்லாமல் வெறும் கையை வைத்து என்ன தெரியும்?

திருவாரூர்க்காரர்:
தெரியும் சார். முகத்தை மறைத்தே சோதித்திருக்கிறார்கள். கதவைத் தட்டுவது, குடிப்பது, இந்த இரண்டையும் வெவ்வேறு உணர்ச்சியோடு செய்யவைத்து, கை அசைவை மட்டும் வெளிச்சப் புள்ளிகளாகக் காட்டினார்கள். உளவியல் ஆய்வாளர் ஃபிராங்க் பாலிக் குழுவினர், 2001. பார்த்தவர்கள் ஓரளவு சரியாகவே சொன்னார்கள். என்ன, கோபத்துக்கும் சந்தோஷத்துக்கும் வேகம் பொது, அதனால் அந்த இடத்தில் தடுமாற்றம் வரும். சோர்வும் துக்கமும் மெதுவான அசைவிலேயே தெரிந்துவிடும், அத்தையின் கை மாதிரி. தாய் குழந்தையைத் தூக்குகிற விதத்திலேயே விசை ஏறி இறங்குவதைக் குழந்தை உணர்கிறது என்று மனநல மருத்துவர் டேனியல் ஸ்டெர்ன் 1985-லேயே எழுதிவிட்டார்.

எங்கள் அப்பா பக்கவாதத்தில் கிடந்தபோது, அண்ணன் புரட்டினால் உடம்பு விறைக்கும், அண்ணி புரட்டினால் இளகும். இருவரும் சொன்னது ஒரே வார்த்தைதான், "ஒண்ணுமில்லப்பா". அண்ணனுக்கு அப்போது கடன் நெருக்கடி.

வீட்டில் யாராவது படுக்கையில் இருந்தால் இதைச் செய்யுங்கள். விரல் நுனியால் பிடிக்காதீர்கள், உள்ளங்கையைத் தோளில் முழுசாக வையுங்கள். வைத்த உடனே இழுக்கவேண்டாம், "திரும்பலாமாப்பா" என்று கேட்டுவிட்டு, அவர் மூச்சு விடுகிற வரை பொறுங்கள். போர்வையை அவர் முகத்துக்கு நேரே உதறாதீர்கள். யாரிடமாவது சண்டை போட்டுவிட்டு நேரே அந்த அறைக்குள் போகவேண்டாம், திண்ணையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள். அப்புறம், கட்டிலில் இரண்டு பக்கமும் ஆள் நிற்கிறீர்கள் என்றால் ஒருவர் மட்டும் சொல்லட்டும், மற்றவர் சொல்பவரின் கையைப் பார்த்துத் தூக்கட்டும்.